கம்பெனி வீடியோவை மக்கள் எப்போது நம்புகிறார்கள்? கேட்பரி முதல் நிக்கோலா வரை... நடந்தது என்ன?

நகைக்கடை, ஜவுளிக்கடை, மருத்துவமனை, கட்டுமான நிறுவனம், மரச்செக்கு எண்ணெய் வியாபாரம்... இன்று எந்தத் தொழிலை எடுத்தாலும் சொந்தமாக ஒரு வீடியோ இருக்கிறது. மேலிருந்து எடுத்த ட்ரோன் ஷாட், பின்னணியில் இசை, "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று ஒரு கம்பீரக் குரல். அதைப் பார்ப்பவரின் விரல் சில நொடிகளில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறது.

ஆனால் சில கம்பெனி வீடியோக்கள் சரிந்து கிடந்த வியாபாரம் மீண்டும் எழ உதவியிருக்கின்றன. வேறு சில வீடியோக்கள், எடுத்த கம்பெனியையே சிக்கலில் மாட்டிவிட்டிருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? உலகம் பார்த்த சில சம்பவங்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கார்ப்பரேட் வீடியோ என்றால் என்ன?

டிவியில் வரும் 30 நொடி விளம்பரத்தின் வேலை, பொருளை வாங்கத் தூண்டுவது. கார்ப்பரேட் வீடியோவின் வேலை வேறு. "இந்தப் பொருளைத் தயாரிப்பவர்கள் யார், எப்படித் தயாரிக்கிறார்கள், தவறு நடந்தால் என்ன செய்வார்கள்" என்பதைச் சொல்வதுதான் அது. தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டும் வீடியோ, நிறுவனத் தலைவரின் பேச்சு, வாடிக்கையாளர் அனுபவம், பொருளை இயக்கிக் காட்டும் டெமோ, பிரச்னை நேரத்தில் வெளியிடும் மன்னிப்பு வீடியோ, ஊழியர்களுக்கான அறிவிப்பு எல்லாமே இந்த வகைதான்.

விளம்பரத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கும் என்று மக்களுக்கே தெரியும். கார்ப்பரேட் வீடியோவை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் காட்டப்படுவது உண்மை என்று நினைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் அது பொய் என்று தெரியவந்தால் கோபமும் அதிகமாக வருகிறது.

யூடியூபுக்கு முன்பே நடந்த பாடம்

1982-ல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் வலி மாத்திரை சாப்பிட்ட 7 பேர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். கடைகளில் இருந்த பாட்டில்களில் யாரோ சயனைடு கலந்திருந்தது தெரியவந்தது. தயாரிப்பாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது.

அதே ஆண்டு நவம்பரில் மாத்திரை மீண்டும் விற்பனைக்கு வந்தபோது, நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் பர்க் செயற்கைக்கோள் வழியாக ஒரே நேரத்தில் 30 நகரங்களில் இருந்த செய்தியாளர்களுடன் வீடியோவில் பேசினார். யூடியூப் வருவதற்கு 23 ஆண்டுகள் முன்பு இது!

அவர் வெறும் கையோடு வந்து பேசவில்லை. யாராவது திறந்திருந்தால் உடனே கண்டுபிடித்துவிடக்கூடிய, மூன்று அடுக்கு சீல் வைத்த புதிய பாட்டில் தயாராக இருந்தது. வாங்குபவர் அதைத் தன் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ள முடியும். பழைய டப்பாவையே கையில் வைத்துக்கொண்டு "எங்களை நம்புங்கள்" என்று அவர் பேசியிருந்தால், யார் அந்த மாத்திரையை வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்திருப்பார்கள்?

சாக்லேட்டில் புழு... அமிதாப் வந்தது எப்போது?

இந்தியாவில் இதற்குச் சமமான சம்பவம் கேட்பரி விவகாரம். 2003 அக்டோபரில் மகாராஷ்டிராவில் டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார் எழுந்தது. தீபாவளி விற்பனை சூடுபிடிக்கும் நேரம். மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகத் துறை நடவடிக்கையில் இறங்கியது. டிவி சேனல்களில் இதே பேச்சுதான்.

கடைகளில் சரியாகப் பாதுகாத்து வைக்காததுதான் காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. அது உண்மையாகவே இருந்தாலும் வாங்குபவருக்கு அதனால் என்ன ஆறுதல்? அவர் கையில் இருப்பது புழு இருக்கும் சாக்லேட்தானே! விற்பனை சரிந்தது.

பிறகு நிறுவனம் பாதையை மாற்றியது. 'புராஜெக்ட் விஸ்வாஸ்' என்ற பெயரில் கடைக்காரர்களுக்குச் சாக்லேட்டைப் பாதுகாத்து வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தது. 2004 தொடக்கத்தில், காற்றும் பூச்சியும் புக முடியாதபடி சீல் செய்த புதிய உறையைக் கொண்டுவந்தது. இதெல்லாம் ஆன பிறகுதான் அமிதாப் பச்சன் திரையில் வந்தார். கேட்பரி தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்து, அதன் பிறகு சாக்லேட்டைச் சாப்பிடுவது போல விளம்பரம் அமைந்தது. விற்பனையும் படிப்படியாக மீண்டது.

அமிதாப் முகத்துக்கு மதிப்பு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் பழைய உறையிலேயே சாக்லேட் வந்திருந்தால், அடுத்த புழு வெளிவரும்போது அந்த முகத்துக்கும் சேர்த்து அடி விழுந்திருக்கும்.

மேகி: ஏக்கத்தைத் தூண்டியது வீடியோ, கதவைத் திறந்தது லேப் ரிப்போர்ட்

2015 ஜூன் மாதம், காரீயம் அளவுக்கு மேல் இருப்பதாகவும், எம்எஸ்ஜி பற்றிய லேபிள் தவறாக இருப்பதாகவும் கூறி மேகி நூடுல்ஸுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. கடைகளில் இருந்த பாக்கெட்டுகள் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. ஆகஸ்ட் மாதம் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அதேசமயம், மூன்று ஆய்வகங்களில் மீண்டும் பரிசோதித்து, பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகே விற்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது.

அந்த இடைவெளியில் நெஸ்லே இந்தியா சிறு சிறு வீடியோக்களை வெளியிட்டது. மேகி இல்லாமல் தவிக்கும் இளைஞர்கள் பேசுவதாக எடுக்கப்பட்ட அவை, "நாங்களும் உங்களை மிஸ் பண்றோம்" என்ற பொருளில் முடிந்தன. ஹாஸ்டல், பேச்சிலர் ரூம் என்று பலருக்கும் பழக்கமான காட்சிகள்.

ஆனால் அந்த வீடியோக்களில் காரீயம் பற்றி வாதம் எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஆய்வகம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆய்வு முடிவுகள் சாதகமாக வந்த பிறகு, 2015 நவம்பரில்தான் மேகி கடைக்குத் திரும்பியது. பழைய பாசத்தை நினைவூட்ட வீடியோவால் முடியும். 'சாப்பிடலாமா, கூடாதா' என்ற கேள்விக்கு மூன்றாவது ஆளின் சான்று வேண்டும்.

டோமினோஸ்: குறையை விளம்பரமாக்கிய நிறுவனம்

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் ஒரு டோமினோஸ் கடையின் ஊழியர்கள் இருவர், உணவை அருவருப்பான முறையில் கையாள்வதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டனர். சில நாட்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்துவிட்டனர். விளையாட்டுக்குச் செய்தோம் என்று அவர்கள் சொன்னாலும், பிராண்ட் பெயர் கெட்டது கெட்டதுதான்.

அப்போது டோமினோஸின் அமெரிக்கப் பிரிவுத் தலைவராக இருந்த பேட்ரிக் டாய்ல், அறிக்கை மட்டும் விடாமல் அதே யூடியூபில் வீடியோ வெளியிட்டார். மன்னிப்புக் கேட்டார். அந்த ஊழியர்கள் நீக்கப்பட்டதையும், கடையை மூடிச் சுத்தம் செய்ததையும் சொன்னார். அவர் கேமராவைப் பார்க்காமல் ஓரமாகப் பார்த்துப் பேசினார், முழுதும் எழுதி வைத்ததைப் படிப்பது போல இருந்தது என்ற விமர்சனமும் வந்தது. ஆனாலும் சம்பவம் எங்கே பரவியதோ அங்கேயே பதில் போனது, சூட்டோடு சூடாகப் போனது.

அதைவிடப் பெரிய விஷயம் அதே ஆண்டின் கடைசியில் நடந்தது. 'பீட்சா டர்ன்அரவுண்ட்' என்று ஒரு குறும்படத்தை டோமினோஸ் வெளியிட்டது. அதில், தங்கள் பீட்சாவின் அடிப்பாகம் அட்டை மாதிரி இருக்கிறது, சாஸ் கெட்சப் மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டியதை அப்படியே காட்டியது. நிறுவனத்தின் சமையல் கலைஞர்கள் அதைக் கேட்டு முகம் சுருங்குவதும் அதில் இருந்தது. மாவு, சாஸ், சீஸ் மூன்றையும் மாற்றிவிட்டோம், வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று படம் முடிந்தது.

2010-ன் முதல் மூன்று மாதங்களில், அமெரிக்காவில் ஏற்கெனவே இயங்கிவந்த டோமினோஸ் கடைகளின் விற்பனை முந்தைய ஆண்டைவிட 14.3 சதவீதம் உயர்ந்தது. "நல்லா இல்லைன்னு அவங்களே சொல்றாங்களே, அப்போ இப்ப நல்லாதான் இருக்கும் போல" என்று ஒருமுறை வாங்கிப் பார்க்க வைத்தது வீடியோ. மறுபடியும் வாங்க வைத்தது புது பீட்சா.

"விளம்பரத்தில் பெருசா இருக்கு, கடையில சின்னதா இருக்கே?"

இந்தக் கேள்வி நம்மூர் ஹோட்டல்களில் மட்டும் கேட்கப்படுவதில்லை. மெக்டொனால்ட்ஸின் கனடா பிரிவு 2012-ல் வாடிக்கையாளர்களிடமிருந்து நேரடியாகக் கேள்விகளை வாங்கிப் பதில் சொல்லத் தொடங்கியது. ஒருவர் இதையே கேட்டார்: விளம்பரத்தில் இருக்கும் பர்கர் ஏன் கடையில் அப்படி இருப்பதில்லை?

பதிலாக வந்தது ஒரு வீடியோ. மார்க்கெட்டிங் இயக்குநர் ஹோப் பகோஸி கடைக்குப் போய்ச் சாதாரண வாடிக்கையாளர் போல ஒரு பர்கர் வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே ஒரு பர்கரை அலங்கரிக்கப் பல மணி நேரம் ஆகிறது. ஊறுகாய்த் துண்டும் வெங்காயமும் முன்பக்கம் தெரிகிற மாதிரி நகர்த்தி வைக்கப்படுகின்றன. கடையில் வாங்கியது பெட்டிக்குள் ஆவியில் இருந்ததால் பன் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. கடைசியில் கணினியிலும் படம் திருத்தப்படுகிறது. எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டினார்கள். இரண்டு பர்கர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் காட்டினார்கள்.

அந்த வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தனர். வாடிக்கையாளர் மனதில் ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்தை எடுத்துப் பேசியதுதான் அதன் பலம். கம்பெனிக்குப் பிடித்த விஷயத்தைப் பேசியிருந்தால் அவ்வளவு பேர் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஊழியர்களிடம் பேசுவதும் ஊருக்கே கேட்கும்

கார்ப்பரேட் வீடியோ வாடிக்கையாளருக்கு மட்டுமானது இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது மாரியட் ஹோட்டல் குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆர்னி சோரன்சன் ஊழியர்களுக்காக சுமார் 6 நிமிட வீடியோ ஒன்றில் பேசினார். கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தவர் அவர். தலையில் முடி இல்லாத தன் தோற்றத்தால் வீடியோ வேண்டாமோ என்று உடன் இருந்தவர்கள் கவலைப்பட்டதை அவரே தொடக்கத்தில் சொன்னார்.

பிறகு வியாபாரம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை எண்களோடு சொன்னார். ஊழியர்கள் பலருக்கு வேலை நிறுத்திவைக்கப்படும் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த ஆண்டின் மீதி மாதங்களுக்குத் தானும் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர் பில் மாரியட்டும் சம்பளம் வாங்கப் போவதில்லை, மூத்த நிர்வாகிகளின் சம்பளம் பாதியாகக் குறையும் என்றும் அறிவித்தார். கெட்ட செய்திதான். ஆனால் அதில் தனக்கும் பங்கு உண்டு என்று காட்டியதால், தலைமைப் பண்புக்கு உதாரணமாக அந்த வீடியோ உலகம் முழுக்கப் பகிரப்பட்டது. சோரன்சன் 2021 பிப்ரவரியில் காலமானார்.

இதற்கு நேர் எதிர், 2021 டிசம்பரில் நடந்தது. அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமான பெட்டர் டாட் காமின் தலைவர் விஷால் கார்க், ஒரே ஜூம் அழைப்பில் சுமார் 900 பேரை வேலையை விட்டு நீக்கினார். பதிவு செய்யப்பட்ட அந்த அழைப்பு வெளியே வந்து உலகச் செய்தியானது. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உள்ளே பேசியது உள்ளேயே இருக்கும் என்று எந்த நிறுவனமும் இனி நினைக்க முடியாது.

வீடியோவே வினையான கதைகள்

ஃபோக்ஸ்வேகன்: 2015 செப்டம்பரில், டீசல் கார்களின் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை அந்த நிறுவனம் பொருத்தியிருந்தது அம்பலமானது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வாகனங்கள். தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் செப்டம்பர் 22-ம் தேதி வீடியோவில் வருத்தம் தெரிவித்தார். மறுநாளே பதவி விலகினார். யார் செய்தது, வாங்கியவர்களின் காருக்கு என்ன வழி என்ற கேள்விகளுக்கு அந்த வீடியோவில் விடை இல்லை. மன்னிப்பை மட்டும் வைத்து என்ன செய்வது?

நிக்கோலா: இது இன்னும் மோசம். மின்சார லாரி தயாரிப்பதாகச் சொன்ன இந்த அமெரிக்க நிறுவனம், 2018 ஜனவரியில் தனது லாரி சாலையில் சீறிப் பாய்வது போல ஒரு வீடியோ வெளியிட்டது. 2020 செப்டம்பரில் ஹிண்டன்பர்க் ரிசர்ச் ஓர் அறிக்கையில் உண்மையை உடைத்தது: லாரி தன் மோட்டாரில் ஓடவில்லை, மேட்டிலிருந்து சரிவில் உருட்டிவிடப்பட்டது! லாரி தன் சக்தியில் ஓடியதாகத் தாங்கள் சொல்லவே இல்லையே என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கமே ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது.

நிறுவனர் ட்ரெவர் மில்டன் சில நாட்களில் விலகினார். முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2023-ல் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025-ல் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். நிறுவனமோ அதே ஆண்டு திவால் மனு போட்டது. பங்கு வாங்கிய சாதாரண மக்களின் பணம்தான் கரைந்தது.

கூகுள்: 2023 டிசம்பரில் ஜெமினி ஏஐ அறிமுக வீடியோவில், கேட்ட கேள்விக்கு ஏஐ உடனுக்குடன் பேசிப் பதில் சொல்வது போல இருந்தது. உண்மையில் நிலைப் படங்களையும் எழுத்துக் கட்டளைகளையும் கொடுத்துப் பெற்ற பதில்களைக் கோத்து அது உருவாக்கப்பட்டிருந்தது. நேரம் சுருக்கப்பட்டதாக யூடியூப் விவரக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். அதை எத்தனை பேர் படிப்பார்கள்? தொழில்நுட்பம் உண்மையாக இருந்தும், பேச்சு முழுக்க 'எடிட் பண்ணிட்டாங்க' என்ற பக்கம் திரும்பியது.

தமிழ்நாட்டில் முதலாளியின் முகம்

நிறுவனத் தலைவரே கேமரா முன் வருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வசந்த் அண்ட் கோ விளம்பரங்களில் மறைந்த வசந்தகுமாரின் சிரித்த முகம் ஒரு தலைமுறைக்கே பழக்கம். சரவணா ஸ்டோர்ஸ் உரிமையாளர் 'லெஜண்ட்' சரவணன் நடிகைகளோடு ஆடியபோது கேலி செய்தவர்களும் உண்டு, ரசித்தவர்களும் உண்டு. கடையின் பெயர் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

லலிதா ஜுவல்லரியின் கிரண் குமார் வந்த விளம்பரங்கள் இன்னொரு வகை. நகையைப் பார்த்துவிட்டு, விலையை மற்ற கடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று வாடிக்கையாளரிடமே அவர் சொன்னார். முகம் அடையாளத்தைக் கொடுக்கிறது. "ஒப்பிட்டுப் பாருங்க" என்ற பேச்சு, சரிபார்க்கும் உரிமையை வாங்குபவர் கையில் கொடுக்கிறது. அப்படிச் சொன்ன பிறகு, ஒப்பிடும்போது விலை ஒத்துப்போக வேண்டிய பொறுப்பு கடைக்கு வந்துவிடுகிறது.

டீப்ஃபேக் வந்த பிறகு...

முகத்தை மட்டும் நம்புவது இப்போது ஆபத்தாகிவிட்டது. தேசிய பங்குச் சந்தையின் தலைமைச் செயல் அதிகாரி ஆஷிஷ்குமார் சவுகான் குறிப்பிட்ட பங்குகளை வாங்கச் சொல்வது போலப் போலி வீடியோ பரவியதால், அதை நம்ப வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் என்எஸ்இ எச்சரித்தது. அதே ஆண்டு நவம்பரில், அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் முதலீட்டுத் திட்டங்களைப் பரிந்துரைப்பது போன்ற போலி வீடியோக்கள் குறித்து ரிசர்வ் வங்கியும் எச்சரிக்கை வெளியிட்டது.

ஹாங்காங்கில் ஆரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் நிறுவன அதிகாரிகள்தான் பேசுகிறார்கள் என்று நம்பி, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை மோசடிக்காரர்களின் கணக்குகளுக்கு அனுப்பிய சம்பவமும் 2024-ல் வெளியானது. கூட்டத்தில் தெரிந்த முகங்கள் டீப்ஃபேக்!

ஆகவே வீடியோ எங்கே வெளியாகிறது என்பதும் முக்கியமாகிவிட்டது. நிறுவனத்தின் சொந்த இணையதளம், சரிபார்க்கப்பட்ட சமூக ஊடகக் கணக்கு ஆகியவற்றில் அதே வீடியோ இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் சுற்றும் வீடியோவை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் அதே தவறைச் செய்தால் ரூ.50 லட்சம் வரை போகலாம். தயாரிப்பாளர் மட்டுமல்ல, விளம்பரத்தில் பரிந்துரை செய்யும் பிரபலத்துக்கும் இது பொருந்தும். அவர் ஓராண்டு வரை விளம்பரங்களில் பரிந்துரை செய்யத் தடையும் விதிக்கலாம்.

2022-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், பொறுப்புத் துறப்புக் குறிப்பு விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் பெரிதாக வாக்குறுதி கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை போடுவது சரியல்ல. பணம் வாங்கிக்கொண்டு இன்ஃப்ளூயன்சர் பேசினால், அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த விதி.

சின்ன வியாபாரிகள் என்ன செய்யலாம்?

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவாகுமே என்று நினைக்கத் தேவையில்லை. ஒரு போன் போதும். எதை எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், அடிக்கடி வரும் சந்தேகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். செக்கு எண்ணெய்க் கடை என்றால் "கலப்படம் இல்லைன்னு எப்படி நம்புறது?" என்பதுதான் முதல் கேள்வி. மூட்டையிலிருந்து கடலையைக் கொட்டுவது தொடங்கி, செக்கில் ஆட்டி, எண்ணெய் எடுத்து, பாட்டிலில் அடைப்பது வரை எடுக்கலாம். எத்தனை கிலோ கடலை போட்டால் எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்று தராசைக் காட்டினால், விலை ஏன் அதிகம் என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிடும். ஆய்வக அறிக்கை இருந்தால் தேதியோடு காட்டலாம். "நேரில் வந்து பாருங்கள்" என்று சொன்னால், வருபவருக்குக் காட்டவும் வேண்டும்.

வேலை செய்பவரே பேசுவது நல்லது. 20 ஆண்டுகளாகத் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர், அசல் ஜரிகையை எப்படி அடையாளம் காண்பது என்று தன் பேச்சு வழக்கில் சொல்வதற்கு ஈடாக எந்த விளம்பரக் குரலும் வராது. எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்தால் அது முகத்திலேயே தெரிந்துவிடும். படம் எடுக்கும் முன் அவரிடம் அனுமதி கேட்பதும் அவசியம்.

வாடிக்கையாளர் வீடியோ எடுத்தால், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்ல விட வேண்டும். "சூப்பர் சார், ரொம்ப திருப்தி" என்பதில் பார்ப்பவருக்குத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. பணம் கொடுத்து ஆள் வைத்துப் பேச வைப்பது ஏமாற்று வேலை. ஊரில் யாராவது ஒருவர் அந்த முகத்தை அடையாளம் கண்டுவிடுவார்.

பேருந்திலும் அலுவலகத்திலும் சத்தமில்லாமல் வீடியோ பார்ப்பவர்கள் நிறைய பேர். அதனால் பேசுவது தமிழ் எழுத்தில் கீழே ஓட வேண்டும். முதல் சில நொடிகளில் லோகோ சுற்றுவதற்குப் பதில், கேள்வி வந்துவிட வேண்டும். படம் கொஞ்சம் ஆடினாலும் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்கவில்லை என்றால் போய்விடுவார்கள். சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கினால் போதும்.

வீடியோ போட்டதோடு வேலை முடியவில்லை. கீழே வரும் புகாரை அழிப்பது எளிது. ஆனால் அழித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். பெயர், பில் நம்பர் கேட்டு, சரி செய்துவிட்டு, சரி செய்தோம் என்று அங்கேயே எழுதினால், அந்தப் பதிலை அடுத்து வருபவரும் படிப்பார். விலையோ தயாரிப்பு முறையோ மாறினால் பழைய வீடியோவை எடுத்துவிட வேண்டும் அல்லது மாறியதைக் குறிப்பிட வேண்டும்.

தவறு நடந்துவிட்டால்? என்ன நடந்தது, யாருக்கு பாதிப்பு, பணம் திரும்பக் கிடைக்குமா, இனி நடக்காமல் இருக்க என்ன மாற்றினோம். இந்த நான்குக்கும் பதில் இருந்தால் மன்னிப்பு வீடியோ எடுக்கலாம். பதில் இன்னும் தயாராகவில்லை என்றால், தெரிந்ததை மட்டும் சுருக்கமாகச் சொல்லி, அடுத்த தகவல் எப்போது வரும் என்று தேதி சொல்லிவிடுவது நல்லது. அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது

வீட்டுமனை, சீட்டு, நகை, மருத்துவம், படிப்பு என்று பெரிய தொகை கேட்கும் வீடியோக்களை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நல்லது.

* வீடியோவில் சொல்லும் விஷயத்தை வெளியே சரிபார்க்க வழி இருக்கிறதா? உதாரணத்துக்கு மனை, அடுக்குமாடி திட்டம் என்றால் ரேரா பதிவு எண், தங்கம் என்றால் ஹால்மார்க் எண், உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிம எண்.

* பொருளை முழுதாக, தொடர்ச்சியாகக் காட்டுகிறார்களா, அல்லது வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறார்களா?

* பேசுபவர் யார், அவருக்கும் நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்று சொல்லப்பட்டிருக்கிறதா?

* அதே வீடியோ நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்கிறதா?

வீடியோவில் சொன்னதற்கும் கைக்கு வந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்றால், அந்த வீடியோவையும் பில்லையும் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் தரலாம். அப்போது அந்தக் கம்பெனி எடுத்த வீடியோவே அதற்கு எதிரான ஆதாரமாக இருக்கும்.